புளிப்பும் பூசணமும்

கோழியின் பெயரால் வழங்கிய தலைநகர் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. சோழர்களின் பழம்பதியாகிய உறையூரே அது. கோழியொன்று யானையை எதிர்த்துப் பொருது வென்ற இடத்தில் அந்நகரம் எழுந்தது என்பது பழைய செய்தி. அதனால் கோழி என்றும், கோழியூர் என்றும் அதனை அழைத்தனர். சிலப்பதிகாரமும் இச்செய்தியைக் குறிக்கின்றது. அந்த உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. அதனை அடுத்து உள்ளது தில்லை நகர். அங்கேதான் நான் வளர்ந்தேன்.

இன்று தில்லை நகருக்கு வருவோர் மருத்துவமனைகளையும் கடைகளையும் அடுக்குமாடிக் கட்டடங்களையும் காண்பர். நான் பள்ளியில் படித்த நாளில் எங்கள் குறுக்குத் தெரு அத்தனை நெருக்கமாக இருந்ததில்லை. எங்கள் வீட்டின் பின்னால் சிறு கொல்லை இருந்தது. அங்கே ஒரு கிணறும், துவைக்கும் கல்லும், இரண்டு வாழையும், ஒரு முருங்கையும் இருந்தன. முருங்கையின் அடியில் மூங்கில் தட்டியால் அமைந்த கோழிக்கூடு. அதற்கு உரியவர் என் தந்தையாரைப் பெற்ற அன்னையார். எங்கள் பக்கத்தில் தந்தையின் தாயை அப்பாயி என்று அழைப்பது வழக்கம்.

அப்பாயி எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் கோழி வளர்ப்பில் அவருக்குத் தெரியாதது இல்லை. கோழியின் கொண்டை வெளுத்தால் என்ன பொருள், எச்சம் நீர்த்தால் என்ன செய்வது, எந்தப் பெட்டை அடைக்கு அமரும் என்பனவெல்லாம் அவர் அறிவார். அவர் வளர்த்தவை சிறுவிடை இனத்து நாட்டுக் கோழிகள். அவற்றிற்கு அவர் இட்ட தீனிதான் இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பிறர் தானியத்தை வாரி இறைப்பார்கள். அல்லது தவிட்டைத் தண்ணீரில் பிசைந்து வைப்பார்கள். அப்பாயியோ தானியத்தைப் புளிக்க வைத்து இடுவார். கம்பும் உடைத்த சோளமும் குறுநொய்யும் சேர்த்துக் கழுவி, ஒரு மண் பானையில் இட்டு, அதன் மேல் நான்கு விரல் உயரத்திற்குத் தண்ணீர் ஊற்றுவார். அதில் ஒரு கரண்டி புளித்த நீரை உறை ஊற்றுவது போலச் சேர்ப்பார். பானையின் வாயைத் துணியால் மூடிக் கட்டி நிழலில் வைப்பார். காலையும் மாலையும் மரக்கரண்டியால் அடிவரை கிளறி விடுவார். திருச்சிராப்பள்ளியின் கோடை வெயிலில் ஒரு நாளிலேயே நுரை எழும்பும். மார்கழியில் மூன்று நாளும் ஆகும். பழைய சோற்றின் மணமும் தோசை மாவின் மணமும் கலந்தது போன்ற ஒரு மணம் வந்தவுடன் தானியத்தை வடித்தெடுத்து, சிறிது தவிடும் கிளிஞ்சல் தூளும் தூவிக் கோழிகளுக்கு வைப்பார். வடித்த நீரில் ஒரு பகுதியை அடுத்த பானைக்கு எடுத்து வைப்பார்.

இந்தப் புளித்த நீர் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? உறையூரில் ஆப்பக்கடை நடத்தி வந்த ஓர் அம்மையாரிடமிருந்து கிடைத்தது. எங்களுக்கு அவர் உறவினர் அல்லர். ஆயினும் நான் அவரை அத்தை என்றே அழைப்பேன். தம் கடையில் மிஞ்சிய புளித்த மாவைக் கோழிகளுக்குக் கரைத்து வைத்துப் பார்த்து, பின்னர் தானியத்தையும் அவ்வாறே புளிக்க வைக்கக் கற்றவர் அவர். அதனை அவர் அப்பாயிக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஏட்டுக் கல்வி இல்லாத இவ்விருவரும் செய்து வந்த செயலின் உட்பொருள் என்ன என்பதை நான் பின்னாளில் நூல்களில் படித்து அறிந்தேன். தானியத்தின் மேலும் நம் கையிலும் காற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பல உள்ளன. தானியம் நீரில் மூழ்கிக் காற்றுப் படாமல் இருக்கும்போது அவற்றுள் ஒரு வகை மிகுதியாகப் பெருகுகின்றது. அது மாவுப் பொருளிலிருந்து பிரியும் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றது. பாலைத் தயிராக்குவதும், இட்டலி மாவைப் புளிக்கச் செய்வதும், பழைய சோற்று நீருக்குச் சுவை தருவதும் இவ்வகை உயிர்களே. இப்புளிப்பு நுண்ணுயிர்களின் செயலால் விளைவது என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்.

புளிப்பினால் விளையும் நன்மைகள் இரண்டு. முதலாவது, அமிலம் மிகுந்த இடத்தில் நோய் தரும் கிருமிகள் பலவற்றால் பெருக இயலாது. நெதர்லாந்து நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில், புளித்த தீனி உண்டவை சால்மோனெல்லா என்னும் கிருமிக்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை என்று கண்டனர். இரண்டாவது, தானியத்தின் உமியடுக்கிலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸ் சத்தின் பெரும்பகுதி பைட்டேட் என்னும் பொருளுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றது. கோழியின் குடலால் அதனை நன்கு பிரித்தெடுக்க முடிவதில்லை. தானியம் ஊறிப் புளிக்கும்போது அந்தப் பூட்டு ஓரளவு திறக்கின்றது. ஆதலின் அதே தானியத்திலிருந்து கோழிக்குக் கூடுதலான சத்துக் கிடைக்கின்றது. ஊறிய தானியம் கனப்பது தண்ணீரினால்தான். அதனைக் கண்டு தீனி பெருகிவிட்டது என்று எண்ணலாகாது.

தவிட்டின் அருமையை உலகுக்கு உணர்த்தியதும் கோழியே. சாவகத் தீவில் பதேவியா நகரில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறித்தியான் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ச்சி செய்து வந்தார். அவர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. அக்கோழிகள் அப்போது மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை உண்டு வந்தன. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுத்துவிட்டார். தீட்டாத அரிசியைத் தின்னத் தொடங்கியவுடன் கோழிகள் எழுந்து நடமாடின! தவிட்டோடு நீங்கிவிடும் சத்து ஒன்று உயிர்க்கு இன்றியமையாதது என்னும் உண்மை இதிலிருந்து புலப்பட்டது. பெரிபெரி நோயின் காரணமும் தெளிவாயிற்று. 1929ஆம் ஆண்டில் ஐக்மன் நோபல் பரிசு பெற்றார்.

இனி என் கதைக்கு வருகின்றேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆண்டு அது. அவ்வாண்டுக் கோடையில் அத்தையின் கோழிகள் வெள்ளைக்கழிச்சல் நோயால் மாண்டன. ஒரே ஒரு பெட்டை மட்டும் பிழைத்தது. அதனை அவர் எங்கள் வீட்டில் வாரத்திற்கு விட்டார். வாரம் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் ஓர் ஏற்பாடு. கோழி ஒருவருடையது, வளர்ப்பவர் மற்றொருவர். பொரிக்கும் குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. வாய்ச் சொல்லே அங்கு ஆவணம்.

அப்பெட்டை எங்கள் வீட்டில் 12 முட்டைகள் இட்டு அடை கிடந்தது. 21ஆம் நாளில் 10 குஞ்சுகள் வெளிவந்தன. ஐந்து அத்தைக்கு, ஐந்து எங்களுக்கு. அத்தை வந்து அவற்றைக் கையில் ஏந்திப் பார்த்தார். “இவை வளர்ந்தால் என் கூடு மறுபடியும் நிறைந்துவிடும், தம்பி” என்று மகிழ்ந்தார்.

அந்த ஐப்பசியில் என் சின்ன அத்தையின் பேறுகாலத்திற்காக அப்பாயி இலால்குடிக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வர ஒரு மாதம் ஆகும். கோழிகளை என் பொறுப்பில் ஒப்படைத்தார். புறப்படும்போது, “பானையைக் கிளற மறவாதே. தானியம் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கட்டும். மேலே முடி போலப் படர்ந்தால் பானையோடு கொட்டிவிடு. மூட்டையைச் சுவரில் சாய்க்காதே, மழை வரும்” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கோழிகளுக்குப் புரதச் சத்துக்காகக் கடலைப் பிண்ணாக்கு ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தோம். அதை நான் கூடத்துச் சுவரில் சாய்த்துவிட்டேன். மழை பெய்தது. சுவர் ஊறியது. ஒரு நாள் மூட்டையைத் திறந்து பார்த்தபோது அடியில் இருந்த பிண்ணாக்கு கட்டி கட்டியாக இறுகிப் பச்சை நிறப் பூசணம் பூத்துக் கிடந்தது. என் நெஞ்சு திடுக்கிட்டது. மூட்டைக்குத் தந்தையார் கொடுத்த பணம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அவரிடம் உண்மையைச் சொல்ல அஞ்சினேன். பிண்ணாக்கை எறியவும் மனம் வரவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. புளிப்பு கிருமிகளை அடக்கும் அன்றோ? அப்படியானால் பூசணத்தையும் அது அடக்கிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பச்சையாகத் தெரிந்ததைச் சுரண்டி எறிந்தேன். எஞ்சியதை இடித்துப் புளிப்புப் பானையில் போட்டேன். மறுநாள் பானையில் வழக்கமான நுரை எழுந்தது. வழக்கமான மணமும் வந்தது. சூழ்ச்சி பலித்தது என்று மகிழ்ந்தேன். பத்து நாள்கள் அத்தீனியையே இட்டேன்.

முதலில் குஞ்சுகள் தீனியில் நாட்டம் குறைந்தன. பிறகு சிறகைத் தொங்கவிட்டு மூலையில் ஒடுங்கின. ஒரு காலையில் இரண்டு குஞ்சுகள் இறந்து கிடந்தன. மறுநாள் மேலும் ஒன்று. தாய்க்கோழி அவற்றின் அருகே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவ்வொலி இன்றும் என் செவியில் கேட்கின்றது. வாரம் முடிவதற்குள் ஆறு குஞ்சுகள் மாண்டன.

கடைசியாக இறந்த குஞ்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அரசினர் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். மருத்துவர் அதனை அறுத்துப் பார்த்தார். கல்லீரல் வெளிறி வீங்கியிருந்தது. “இது வெள்ளைக்கழிச்சல் அன்று. என்ன தீனி வைத்தாய்?” என்று கேட்டார். நான் முழுவதும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியில் அமரச் செய்து விளக்கினார்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. காரணம் முதலில் எவருக்கும் விளங்கவில்லை. ஆராய்ந்தபோது, அவை உண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒரு வகைப் பூசணம் பிடித்திருந்ததும், அப்பூசணம் கொடிய நஞ்சு ஒன்றைச் சுரந்திருந்ததும் தெரிய வந்தன. அந்நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தனர். அது கல்லீரலைத் தாக்கும். வளர்ந்த கோழி ஓரளவு தாங்கும், இளங்குஞ்சு தாங்காது. பூசணத்தைச் சுரண்டினாலும் நஞ்சு பொருளுக்குள்ளேயே நிற்கும். சமையல் அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அது அழிந்துபோகாது.

“புளிக்க வைப்பது நல்ல தானியத்தைக் காக்கும், தம்பி. கெட்டுப்போன தானியத்தை அது நல்லதாக்கிவிடாது. மூட்டையைக் கொண்டுபோய் ஆழமாகப் புதைத்துவிடு. எஞ்சிய குஞ்சுகளுக்குப் புதுத் தானியம் கொடு” என்றார் அவர்.

அவ்வாறே செய்தேன். நான்கு குஞ்சுகள் பிழைத்தன. ஆனால் என் துன்பம் அதனோடு தீரவில்லை. அத்தைக்கு என்ன சொல்வேன்? பருந்து தூக்கிச் சென்றது என்று சொல்லலாம். கீரி பிடித்தது என்று சொல்லலாம். கொல்லையில் குஞ்சுகள் காணாமற்போவது புதிதன்று. எவரும் ஐயுற மாட்டார். இரண்டு இரவுகள் இந்தப் பொய்யை நான் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன்.

மூன்றாம் நாள் அப்பாயி வந்துவிட்டார். நேராகக் கொல்லைக்குச் சென்று குஞ்சுகளை எண்ணினார். பிறகு கூடத்துக்கு வந்து, “பிண்ணாக்கு மூட்டை எங்கே?” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் அழுதுவிட்டேன். நடந்ததைச் சொல்லி முடித்தபோது, தந்தையாரும் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் சினங்கொள்ளவில்லை. “மூட்டை நனைந்த அன்றே சொல்லியிருந்தால் ஒரு மூட்டையோடு போயிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

“அத்தையிடம் யார் சொல்வது?” என்று அப்பாயி கேட்டார்.

“நானே சொல்கிறேன்” என்றேன்.

நான்கு குஞ்சுகளையும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு உறையூருக்கு நடந்தேன். நேரே கடைக்குப் போகத் துணிவு வரவில்லை. உய்யக்கொண்டான் வாய்க்காலின் கரையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மழைக்காலமாதலின் வாய்க்கால் கலங்கி ஓடியது. கூடைக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன. பின்பு எழுந்து நடந்தேன்.

கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். “பத்தில் ஐந்து உங்களுடையவை, அத்தை. நான்குதான் இருக்கின்றன. இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நான் கடனாகத் தருவேன்” என்று முடித்தேன்.

அவர் முகம் வாடியதை நான் கண்டேன். ஆறு குஞ்சுகள் அவருக்குச் சிறிய இழப்பு அன்று. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கூடையிலிருந்து இரண்டு குஞ்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“வாரம் என்றால் ஆதாயத்தில் மட்டும் பாதியா, தம்பி? நட்டத்திலும் பாதி எனக்கு உண்டு. பருந்து கொண்டுபோயிற்று என்று நீ சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஆனால் அடுத்த ஆண்டும் உன்னிடம் கோழியை விட்டிருப்பேன். நீயும் மறுபடி அதே பிண்ணாக்கை வைத்திருப்பாய். இப்போது நீ ஒன்றைக் கற்றுக்கொண்டாய். நானும் கற்றுக்கொண்டேன்” என்றார்.

நான் புறப்படும்போது அவர் என்னை நிறுத்தினார். “பானையில் பழைய புளிநீர் இருக்கிறதா?” என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டதாகச் சொன்னேன். உள்ளே சென்று ஒரு சிறு செம்பில் புளித்த மாவு நீரை நிரப்பி என் கையில் கொடுத்தார். “வீட்டுக்குப் போனவுடன் மண் பானைக்கு மாற்றிவிடு. புளிப்பை உலோகப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது” என்றார்.

அந்த நீரிலிருந்து மீண்டும் எங்கள் பானை புளித்தது. மறு ஆண்டு அந்தப் பெட்டை மறுபடியும் எங்கள் வீட்டில் அடை கிடந்தது. அப்போது பிறந்த குஞ்சுகள் அத்தையின் கூட்டை நிறைத்தன.

கோழிக்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பு பழமையானது. காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரில், முற்றத்தில் உலர்ந்த உணவைக் கொத்த வந்த கோழியின் மீது மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. செல்வம் மிகுந்த அந்நகரில் தானியத்தைக் காக்கப் பொன்னை எறிந்தனர். தானியத்தைக் காப்பதற்கும் ஓர் அளவு உண்டு என்பதை நான் ஆறு உயிர்களை இழந்து கற்றேன்.

புளிப்பும் பூசணமும் வெறும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் விளைபவையே. இரண்டும் ஒரே மழைக்காலத்தில், ஒரே வீட்டில், ஒரே தானியத்தில் பிறக்கலாம். நாள்தோறும் கிளறிப் பார்க்கும் பானையில் புளிப்பு வளர்கின்றது. எவரும் பாராமல் சுவரோரம் ஒதுக்கிய மூட்டையின் அடியில் பூசணம் வளர்கின்றது. நான் அன்று மறைத்த சிறு குற்றமும் அத்தகையதே.

இன்று எங்கள் கொல்லையின் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டது. ஆயினும் முருங்கையின் அடியில் நான்கு கோழிகளுக்கு இடம் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்தவுடன் நான் செய்யும் முதல் வேலை, பானையின் துணியை அவிழ்த்து, மணம் பார்த்து, அடிவரை கிளறி விடுவதே.